என் பெயர் என் கருத்தல்ல

லின்திப்பே பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்பு வழிகாட்டு மையத்தில் மாணவர்களின் திருப்தி தொண்ணூற்றேழு புள்ளி நான்கு சதவீதம். வாசலில் ஆள் உயரப் பலகை ஒன்றில் பச்சை வண்ணத்தில் அப்படித்தான் எழுதியிருந்தது. பலகைக்குக் கீழே ஒரு நீளமான பெஞ்சு. என்றைக்குப் போனாலும் அதில் பதினைந்து பேராவது ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். எல்லோரும் படித்து முடித்தவர்கள், வேலை கிடைக்காதவர்கள். பாக்கி இரண்டு புள்ளி ஆறு சதவீதம் யார் என்பது மட்டும் மையத்துக்குப் பிடிபடவில்லை. அதைக் கண்டுபிடிக்கத் தனியாக ஒரு குழு போட்டிருந்தார்கள்.

அந்த ஜூலை மாதக் கடைசி வாரத் திங்கட்கிழமை தகோந்துவா நமலோம்பா அந்தப் பெஞ்சில் பதினோராவது தடவையாக உட்கார்ந்திருந்தாள். அவள் வேதியியல் படித்துத் தேறியவள். வேலை தேடிக் கொடுங்கள் என்று கேட்டு அவள் வரவில்லை. வேலையை அவளே தேடிக்கொண்டுவிட்டாள். பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற தண்ணீர்ச் சோதனைக்கூடத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. ஒரு மாதத்துக்கு முன்னால் அதன் தலைவர் கம்வெண்டோ நான்கு பாட்டில் தண்ணீரை அவள் முன்னால் வைத்து, எது குடிக்கிற தண்ணீர், எது குடித்தால் ஆளைக் கொல்லும் என்று பிரித்துச் சொல்லச் சொன்னார். அவள் நான்கையும் சரியாகச் சொன்னாள். "அடுத்த மாசக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள்ள உன் பல்கலைக்கழகத்துலேருந்து ஒரு அறிமுகக் கடிதம் வாங்கிட்டு வா, முத்திரையோட. திங்கக்கிழமை வேலையில சேந்துடலாம்" என்றார்.

முத்திரையோடு என்று அவர் சொன்னதில் தப்பில்லை. அந்த நாட்டில் முத்திரை இல்லாத காகிதம் மந்தாசிப் பலகாரம் மடிக்கத்தான் லாயக்கு. தகோந்துவாவின் அம்மா பத்தொன்பது வருடமாகச் சந்தையில் மந்தாசி சுட்டு விற்கிறவள். எண்ணெய்ப் புகையில் அவள் கண்கள் எப்போதும் அழுது முடித்த மாதிரிதான் இருக்கும். அப்பா இல்லை. அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் தகோந்துவா. வேலை விஷயத்தை அம்மா சந்தையில் ஒருத்தியிடமும் வாய் திறக்கவில்லை. கடிதம் கைக்கு வரட்டும் என்று நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தாள். அது அவளுக்கு எத்தனை கஷ்டம் என்று மகளுக்குத்தான் தெரியும்.

முந்தைய பத்துத் தடவையும் மையம் அவளை வெறுங்கையோடு அனுப்பிவிடவில்லை. முதல் தடவை டோக்கன் கொடுத்தார்கள். மூன்றாவது தடவை, கடிதம் கேட்பவர்கள் கட்டாயம் முடித்திருக்க வேண்டிய 'கை குலுக்குவது எப்படி' என்ற பயிற்சிக்கு அனுப்பினார்கள். அங்கே அவள் வேலையில்லாத நாற்பது பேரோடு கை குலுக்கினாள். ஆறாவது தடவை முத்திரை வைத்திருப்பவர் துக்க வீட்டுக்குப் போயிருந்தார். ஏழாவது தடவை அவர் திரும்பி வந்திருந்தார். முத்திரைப் பெட்டியின் சாவி துக்க வீட்டில் இருந்தது.

பதினோராவது தடவை, மேசைக்குப் பின்னால் இருந்த தவாலே அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். கெட்ட மனசுக்காரி இல்லை. வேகவைத்த நிலக்கடலையில் ஒரு பிடி எடுத்து அவள் பக்கம் தள்ளினாள்.

"இன்னைக்கும் ஆகாது மகளே. இயக்குநர் டாக்டர் கையெழுத்து போடணும், அவரு கூட்டத்துல இருக்காரு."

"என்ன கூட்டம்மா?"

"கையெழுத்து ஏன் தாமதமாகுதுன்னு பேசறதுக்குக் கூட்டம்."

தகோந்துவாவுக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. "எனக்குப் புகார் எழுதணும்" என்றாள்.

"தாராளமா எழுது. இதோ கருத்துப் பதிவேடு."

அந்தப் பதிவேட்டில் அந்த மாதம்தான் ஒரு சீர்திருத்தம் வந்திருந்தது. மாணவர்கள் ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாகக் கருத்து எழுதிக் குவித்ததால், கடைசி முடிவைத் தாய்மொழியில் ஒரே சொல்லில் எழுதவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. ஆனால் அந்த உத்தரவு உத்தரவுகள் வைக்கும் அலமாரியில் இருந்தது. பதிவேட்டில் மூன்று கட்டங்கள்தான் இருந்தன: தேதி, நடந்தது, முடிவாக. தகோந்துவா நடந்தது என்ற கட்டத்தில் 'பதினோரு தடவை வந்தேன், கடிதம் தரவில்லை' என்று எழுதினாள். முடிவாக என்றிருந்த இடத்தில், எழுதி முடித்தவர்கள் எல்லோரும் செய்வதைச் செய்தாள். கையெழுத்துப் போட்டாள். கட்டம் சிறியதாக இருந்ததால் வீட்டுப் பெயரை விட்டுவிட்டுத் தன் பெயரை மட்டும் எழுதினாள்.

அங்கேதான் வினை வந்தது. தகோந்துவா என்றால் அவர்கள் பேச்சில் 'மகிழ்ந்துவிட்டோம்' என்று அர்த்தம். அவளுக்கு முன்னால் பிறந்த இரண்டு குழந்தைகள் தங்காமல் போய், மூன்றாவதாக இவள் பிழைத்து அழுதபோது அவள் அப்பா வைத்த பெயர் அது.

மறுநாள் காலை அவளை இயக்குநர் டாக்டர் மக்வின்ஜாவே உள்ளே கூப்பிட்டார். பதினோரு தடவையில் ஒரு தடவைகூட அவர் முகத்தை அவள் பார்த்ததில்லை. அவர் எழுந்து நின்று, பயிற்சியில் சொல்லிக்கொடுத்த முறைப்படி கை குலுக்கினார்.

"உக்காரு மகளே, உக்காரு. உன் பதிவைப் படிச்சேன். கண்ணு கலங்கிப்போச்சு. பதினோரு தடவை வந்திருக்கே. பதினோரு தடவையும் கடிதம் கிடைக்கல. அதுக்கப்புறமும் முடிவா என்ன எழுதியிருக்கே? மகிழ்ந்துவிட்டோம்! கடிதம் கொடுத்தா யாரு வேணாலும் மகிழ்வான். அதுல நம்ம பெருமை என்ன இருக்கு? கொடுக்காமலே மகிழ வச்சிருக்கோம் பாரு, அதுக்குப் பேருதான் சேவை."

"டாக்டர், அது என் பேரு."

"பேரே அதுதானா! பிறவியிலேயே இருக்குன்னு சொல்லு."

"முடிவாகன்னு போட்டிருந்தது. முடிவுல கையெழுத்துதானே போடுவாங்க? அதான் போட்டேன். நான் மகிழல டாக்டர். எனக்குக் கடிதம் வேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள கொடுக்கலேன்னா வேலை போயிடும்."

டாக்டர் மக்வின்ஜா அன்போடு தலையாட்டினார். "நீ எதை நினைச்சு எழுதினேங்கிறது உன் சொந்த விஷயம். என்ன எழுதினேங்கிறது மையத்தோட ஆவணம். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக்கூடாது." பிறகு வாசல் பக்கம் திரும்பி, "தவாலே, ஒண்ணு கவனிச்சீங்களா? மகிழ்ந்தேன்னு எழுதல. மகிழ்ந்தோம்னு எழுதியிருக்கா" என்றார்.

"ஆமா டாக்டர். எத்தனை பேருன்னு போட?"

"நேத்து பெஞ்சுல எத்தனை பேரு?"

"பதினேழு."

"இவ வகுப்புல?"

"நாப்பத்திமூணு."

"வகுப்பையே போடுங்க. பெஞ்சுன்னா சின்னதா தெரியும்."

தகோந்துவா வெளியே வந்தபோது, ஒருவர் ஏணி போட்டு ஏறிப் பலகையில் தொண்ணூற்றேழை அழித்துக்கொண்டிருந்தார். மதியத்துக்குள் அது தொண்ணூற்றொன்பது புள்ளி ஒன்று ஆனது. பெஞ்சில் இருந்தவர்கள் தலையில் பழைய வண்ணம் உதிராமல் இருக்கச் சற்று நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

"என் கடிதம் என்னம்மா ஆச்சு?" என்று தவாலே அம்மாவிடம் கேட்டாள்.

"உன் மனுவை மூடியாச்சே. மகிழ்ந்தவங்க மனு எல்லாம் அந்தப் பெட்டிக்குப் போயிடும்." ஒரு பூட்டிய மரப்பெட்டியைக் காட்டினாள். "மகிழ்ந்தப்புறம் எதுக்கும்மா கடிதம்?"

"திறக்க முடியாதா?"

"முடியுமே. அதிருப்திப் படிவம் நிரப்பிக் கொடுத்தா திறக்கலாம்."

"கொடுங்க, நிரப்பறேன்."

"அச்சடிக்கலையே. மூணு வருஷமா யாரும் கேக்கல. கேட்டாத்தான் அச்சடிக்கலாம்."

"நான் இப்போ கேக்கறேனே!"

"நீதான் மகிழ்ந்தவங்க பட்டியல்ல இருக்கியே. மகிழ்ந்தவங்க கேட்டதா எப்படி எழுதறது?" தவாலே அம்மா அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். "நான் சொன்னேன்னு சொல்லாதே. கோர்ட்டுக்குப் போய் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி வாங்கிட்டு வா. அது பேரு, கருத்து இல்லேன்னு சத்தியம் பண்ணிக் கொடுத்தா டாக்டர் கேப்பாரு."

புதன்கிழமை காலை அவள் கோர்ட்டு வாசலில் இருந்தாள். பிரமாணம் வாங்கும் ஆணையர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு முழுக்கதையையும் கேட்டார்.

"என் பேரு மவூத்தோ" என்றார் கடைசியில். அதற்குத் 'தொல்லைகள்' என்று அர்த்தம். "அம்பத்தாறு வருஷமா இந்தப் பேரோட எல்லா ஆபீஸ்லயும் கையெழுத்து போட்டிருக்கேன். உனக்கு என்ன தொல்லைன்னு ஒருத்தன்கூடக் கேட்டதில்ல."

அவர் எழுதிக்கொடுத்த பத்திரத்தில் எண்போட்டு மூன்று பத்திகள் இருந்தன. மேற்படி தகோந்துவா என்பது என் பெயர். என் பெயர் என் கருத்தல்ல. மேற்படி தேதியில் நான் மகிழவில்லை, அதற்கு முன்னும் பின்னும் மகிழ்ந்ததாக நினைவில்லை. கீழே முத்திரை குத்தினார். முத்திரைச் சத்தம் கேட்டபோது தகோந்துவாவுக்கு அழுகை வந்தது. இவ்வளவு சுலபமாக ஓர் ஆள் முத்திரை குத்த முடியும் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது.

டாக்டர் மக்வின்ஜா பத்திரத்தை இரண்டு தடவை படித்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை, வருத்தம்தான் இருந்தது.

"இந்தப் பேரை யாரு வச்சது?"

"அப்பா."

"எங்கே அவரு?"

"செத்துட்டாரு. நான் ஆறாவது படிக்கறப்போ."

"செத்துப்போன மனுஷன் மகிழ்ந்துட்டோம்னு சொல்லி வச்ச பேரை, இல்லேன்னு கோர்ட்டுல போய் சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கே. அவரு எழுந்து வந்து பதில் சொல்ல முடியுமா?"

அவளுக்கு அவரை அடிக்கவேண்டும் போல இருந்தது. இரண்டு கையையும் மடிக்குள் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அப்பாவை இந்த அறைக்குள் இழுத்து வருவார்கள் என்று அவள் நினைக்கவில்லை.

"சரி, விடு" என்றார் டாக்டர். மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு காகிதத்தை வெளியே எடுத்தார். அவளுடைய கடிதம். தட்டச்சு செய்து, கையெழுத்திட்டு, ஊதா முத்திரை பளிச்சென்று விழுந்திருந்தது. தேதியைப் பார்த்தாள். மூன்று வாரத்துக்கு முந்தைய தேதி.

"இது... முன்னாடியே தயாரா?"

"தயாரா இருக்கறது வேற, கொடுக்கறது வேற. கொடுத்துட்டா நீ ஏன் திரும்பி வரப்போறே? ஒரே ஒரு தடவை வந்துட்டுப் போற மாணவர்களை வச்சு வருகைக் கணக்கு எப்படி ஏறும், சொல்லு." கடிதத்தை மறுபடி உள்ளே வைத்தார். "நாளைக்குத் தலைநகர்லேருந்து மதிப்பீட்டுக் குழு வருது. நீ மேடைக்கு வந்து நில்லு. உன் பேரைச் சொல்லு. போதும். கூட்டம் முடிஞ்சதும் கடிதம் உன் கையில."

வியாழக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. பெஞ்சில் இருந்தவர்களை எல்லாம் உள்ளே வரவழைத்து, ஆளுக்கொரு பச்சைத் தொப்பி கொடுத்து உட்காரவைத்திருந்தார்கள். குழுவினர் ஐந்து பேர் முன்வரிசையில், அந்த ஊர் ஜூலைக் குளிருக்குக் கம்பளிப் போர்வை போர்த்தி அமர்ந்திருந்தார்கள். டாக்டர் மக்வின்ஜா ஒலிபெருக்கி முன்னால் நின்று தொண்டையைச் செருமினார்.

"மரியாதைக்குரிய குழுவினரே! சில பல்கலைக்கழகங்கள் மாணவர்களுக்கு வேலை வாங்கிக் கொடுத்து அவங்களைத் திருப்திப்படுத்தறாங்க. நாங்களும் ஆரம்பத்துல அந்தத் தப்பைப் பண்ணினோம். ரொம்ப மெதுவான வழி அது. வேலைங்கிறது வெளியில இருக்கு, எவன் எவன் கையிலயோ இருக்கு. திருப்திங்கிறது நம்ம பதிவேட்டுல இருக்கு, நம்ம கையில இருக்கு. கையில இருக்கறதை விட்டுட்டு வெளியில இருக்கறது பின்னால ஓடறது நிர்வாகமா? முதல் வருஷம் எங்க மாணவர்கள் கோபமா வந்தாங்க, எங்க திருப்தி வெறும் முப்பது சதவீதம். நாங்க என்ன பண்ணினோம்? மாணவர்களை மாத்தல. கேள்வியை மாத்தினோம். இப்போ பாருங்க!"

கைதட்டல் எழுந்தது. பச்சைத் தொப்பிகளும் தட்டின. குளிருக்கு அது இதமாக இருந்தது.

தகோந்துவாவை மேடைக்கு அழைத்தார்கள். குழுவின் தலைவி, நரைத்த முடியைத் துணியால் கட்டியிருந்த ஒரு பெரியம்மா, புன்னகையோடு கேட்டாள்: "உன் பேரென்னம்மா?"

"நமலோம்பா."

"அது வீட்டுப் பேரு. உன் பேரு?"

முதல் வரிசை ஓரத்தில் டாக்டர் மக்வின்ஜா சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். கடிதம் அங்கே இருந்தது.

"தகோந்துவா" என்றாள்.

மண்டபம் அதிர்ந்தது. குழுவில் ஒரு முதியவர் எழுந்து நின்றே கைதட்டினார். கைதட்டல் ஓயும்வரை அவள் பொறுத்தாள். இத்தனை பேர் முன்னால் தன் பெயரைச் சொன்னதற்கு அவளுக்கு வெட்கமாக இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக அப்படி இருந்தது. பிறகு ஒலிபெருக்கியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"அது என் பேரு மட்டும்தான். நான் மகிழல. இங்கே தொப்பி போட்டு உக்காந்திருக்கறவங்க யாரும் மகிழல. எனக்குத் தரவேண்டிய கடிதத்தை மூணு வாரமா இழுப்பறையில வச்சுப் பூட்டியிருந்தாங்க. பதினோரு தடவை நடக்க வச்சாங்க. வேணும்னா கோர்ட்டு பத்திரம் காட்டறேன்."

பின்வரிசையில் யாரோ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்கள். குழுத் தலைவியின் பேனா நோட்டுப்புத்தகத்தின் மேல் நின்றது.

டாக்டர் மக்வின்ஜா வாய்விட்டுச் சிரித்தார். "பாத்தீங்களா! பயமில்லாம, கண்ணைப் பாத்து, நிமிர்ந்து நின்னு பேசறா. எங்க நேர்முகப் பயிற்சி முடிச்ச பொண்ணு. நாலு வருஷம் முன்னாடி இவளால வாயத் திறக்க முடிஞ்சிருக்குமா?"

தலைவி மெச்சும் பாவனையில் தலையசைத்து, 'துணிச்சல்' என்று எழுதி அடிக்கோடிட்டாள். அந்த ஆண்டறிக்கையில் துணிச்சலுக்கென்று புதிதாக ஒரு கட்டம் சேர்ந்தது. அதில் மையம் நூற்றுக்கு நூறு வாங்கியது.

டாக்டர் வாக்குத் தவறுகிற மனிதர் இல்லை. கூட்டம் முடிந்ததும் கடிதத்தை அவள் கையில் கொடுத்தார். மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் கையும் குலுக்கினார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் அவள் சோதனைக்கூடத்தில் நின்றாள். கம்வெண்டோ முப்பது வருடம் தண்ணீரைச் சோதித்தவர். எதையும் இரண்டு தடவை பார்க்காமல் நம்பமாட்டார். கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார், முத்திரையை விரலால் தடவினார். "எல்லாம் சரியா இருக்கு. ஒரு போன் பண்ணிக் கேட்டுடறேன், அது ஒரு வழக்கம், அவ்வளவுதான்" என்று சொல்லி மையத்தின் எண்ணை அழுத்தி, அவளும் கேட்கும்படி போனை மேசைமேல் வைத்தார்.

தவாலே அம்மாவின் குரல் வந்தது. பக்கங்கள் புரளும் சத்தமும் கேட்டது. "நமலோம்பா, தகோந்துவா... ஆமா சார், எங்க மாணவிதான். கடிதம் நாங்க கொடுத்ததுதான். ஆனா இவங்க வேலையில சேந்தவங்க பட்டியல்ல இருக்காங்களே."

"எங்கே சேந்திருக்காங்க?"

"அந்த இடம் காலியா இருக்கு சார்."

தகோந்துவா மேசைமேல் குனிந்து போனிடம் கத்தினாள். "அம்மா, நான்தான் பேசறேன்! எனக்கு எங்கேம்மா வேலை கிடைச்சது?"

"மகளே, நீயா! வாழ்த்துகள்மா!" தவாலே அம்மாவுக்கு உண்மையிலேயே சந்தோஷம். "ஆண்டறிக்கையில வேலைக்குன்னு ரெண்டே கட்டம்தான், வேலை கிடைச்சவங்க, தேடறவங்க. மகிழ்ந்தவங்களைத் தேடறவங்க கட்டத்துல எப்படிப் போடறது? வேலை கிடைக்காம எவனாவது மகிழ்வானான்னு டாக்டர் கேட்டாரு. சரிதானேன்னு நாப்பத்திமூணு பேரையும் கிடைச்சவங்கள்ல போட்டுட்டேன்."

கம்வெண்டோ போனை அணைத்தார். கடிதத்தை மேசைமேல் வைத்து, அதன் ஓரங்களைச் சரியாக மேசை ஓரத்தோடு சேர்த்தார்.

"பாரும்மா. அந்தப் பதிவேடு நெஜம்னா நீ வேற இடத்துல வேலையில இருக்கே. வேலையில இருக்கறவளுக்கு இன்னொரு வேலை கொடுக்க எனக்கு அதிகாரமில்ல. அந்தப் பதிவேடு பொய்யின்னா, அதே மேசையில குத்தின இந்த முத்திரையும் பொய். பொய் முத்திரையை வச்சு ஆள் எடுத்தா நாளைக்கு என்னைக் கேப்பாங்க."

"ஐயா, நீங்களே என்னைச் சோதிச்சுப் பாத்தீங்களே. நாலு பாட்டில்..."

"பாத்தேன். நாலும் சரியா சொன்னே." அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "பதிவேட்டைத் திருத்திட்டு அஞ்சு மணிக்குள்ள வா. நான் இருக்கேன்."

பாலத்தின் மேல் அவள் ஓடினாள். பாலத்தில் யாரும் ஓடமாட்டார்கள், திருடிவிட்டு வருகிறவர்களைத் தவிர. எல்லோரும் நின்று பார்த்தார்கள். மூச்சிரைக்க மையத்துக்கு வந்து சேர்ந்தபோது கதவு பூட்டியிருந்தது. கதவில் ஒரு சீட்டு: 'மதிப்பீட்டில் பெற்ற சிறப்பு வெற்றியைக் கொண்டாட இன்று விடுமுறை. மாணவர்களின் ஒத்துழைப்புக்கு நன்றி.' மைதானப் பக்கமிருந்து ஆட்டுக்கறி சுடும் வாசனையும் பாட்டும் வந்தன. அவள் அங்கே போய் டாக்டரைத் தேடிப் பிடித்தாள். அவர் கையில் எலும்போடு, பதிவேட்டை வருடக் கடைசியில்தான் திறக்கமுடியும், திறந்தால் இவள் ஒருத்திக்காக நாற்பத்திமூன்று பேரின் வேலையும் போய்விடும், அந்தப் பாவம் தேவையா என்று கேட்டார். அவர் தட்டில் இருந்து ஒரு துண்டை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, வெட்கத்தை விட்டு, சத்தமாக அழுதாள். யாரோ அவளைப் பார்த்து, ஆனந்தக் கண்ணீர் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்கள்.

சனிக்கிழமை சோதனைக்கூடத்திலிருந்து ஓர் ஊழியர் சைக்கிளில் ஒரு கடிதத்தோடு வந்து, வீட்டில் ஆள் இல்லாததால் சந்தையில் அம்மாவிடமே கொடுத்துவிட்டுப் போனார். கம்வெண்டோ மனசாட்சி உள்ளவர், ஓர் ஆளை எடுக்கவில்லை என்றால் அதை மரியாதையாகத் தெரிவிப்பவர். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. பக்கத்துக் கடையில் தக்காளி விற்கிற பெண் எட்டாவது வரை படித்தவள். அவள் எழுத்துக்கூட்டிப் படித்தாள். தங்களுக்கு... வேலை கிடைத்தமைக்கு... எங்கள் மனமார்ந்த வாழ்த்துகள். 'வேறு நிறுவனத்தில்' என்ற இரண்டு சொற்களை மட்டும் அவளுக்குப் படிக்க வரவில்லை, தாண்டிப் போய்விட்டாள்.

தகோந்துவா சந்தைக்குள் நுழைந்தபோது குலவைச் சத்தம் கேட்டது. அம்மா கரண்டியைக் கையில் பிடித்தபடியே குலவையிட்டுக்கொண்டிருந்தாள். அத்தனை நாள் நாக்கைக் கடித்துக்கொண்டு இருந்ததெல்லாம் சேர்ந்து வெளியே வந்தது. மீன் கடைக்காரிகள், துணி விற்கிறவர்கள் எல்லோரும் சுற்றி நின்று ஆடினார்கள். சட்டியில் மந்தாசி கருகிக்கொண்டிருந்தது. ஒரு மந்தாசியைக்கூடத் தீயவிடாத அம்மா அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"வந்துட்டாடி என் மகராசி!" அம்மா எண்ணெய்க் கையாலேயே அவள் கன்னத்தைப் பிடித்தாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியாடி? கடுதாசி வந்துதான் நான் தெரிஞ்சுக்கணுமா? சொல்லு, எப்போ சேரணும்? திங்கக்கிழமையா?"

தகோந்துவா கடிதத்தை வாங்கிப் படித்தாள். மேலிருந்து கீழ் வரை ஒரு தடவை படித்தாள். அம்மாவின் கண்களைப் பார்த்தாள். புகையில் சிவந்த அந்தக் கண்களை, இப்படி ஒரு வெளிச்சத்தோடு அவள் பார்த்ததே இல்லை.

"ஆமாம்மா" என்றாள். "திங்கக்கிழமை."

திங்கட்கிழமை காலை அம்மா கரி அடுப்பில் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கி வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். மத்தியானத்துக்குச் சோளக்களியும் சின்ன மீனும் டப்பாவில் போட்டுக் கொடுத்தாள். தெருமுனை வரை கூடவே வந்து, பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லி வழியனுப்பினாள். தகோந்துவா பாலத்துப் பக்கம் திரும்பி, அம்மா மறைந்ததும் வேறு தெரு வழியாகத் திரும்பினாள். சந்தைக்குப் போக முடியாது. சர்ச்சில் உட்கார்ந்தால் பாதிரியார் வந்து விசாரிப்பார். பேருந்து நிலையத்தில் எந்த ஊருக்கு என்று கேட்டே கொன்றுவிடுவார்கள். கடைசியில் பல்கலைக்கழகத்துக்குப் போய் அந்தப் பெஞ்சின் ஓரத்தில், டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பெஞ்சில் இருந்தவர்கள் பேசாமல் நகர்ந்து இடம் விட்டார்கள். அவளோடு படித்தவர்கள் இருவர் அதில் இருந்தார்கள், வெள்ளைச் சட்டையோடு, டப்பாவோடு. செவ்வாய்க்கிழமையும் வந்தாள். புதன்கிழமையும் வந்தாள். தவாலே அம்மா அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, வேலை கிடைத்த பிறகும் தினமும் வருகிறார்கள் என்று தனியாக ஒரு நோட்டில் குறித்துக்கொண்டாள். காலை எட்டிலிருந்து மாலை நாலரை வரை உட்கார்ந்திருந்தாலும், எதற்காக வந்தாய் என்று யாரும் கேட்காத இடம் அந்த ஊரில் அது ஒன்றுதான்.